பட்டாளத்துக்குப் போன தாத்தா: இரண்டாம் உலகப் போர்ப் பணியைத் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். மதராஸ் மாகாணத்திலிருந்து போனவர்கள் அதில் ஏராளம். பாலம் கட்டினார்கள், லாரி ஓட்டினார்கள், கண்ணிவெடி தோண்டி எடுத்தார்கள், காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தார்கள். திரும்பி வந்த பிறகு பெரும்பாலானவர்கள் அதைப் பற்றி எழுதவுமில்லை, அதிகம் பேசவுமில்லை. இன்று பேரப்பிள்ளைகள் கையில் மிஞ்சியிருப்பது ஒரு மங்கிய போட்டோ, ஒரு மெடல், "தாத்தா பர்மாவுக்குப் போனாராம்" என்ற ஒரு வரி. அந்த ஒரு வரியிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

தேடலைத் தொடங்கும் முன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை பிரிட்டிஷ், அமெரிக்க, ஆஸ்திரேலியக் குடும்பங்களுக்காக எழுதப்பட்டவை. "லண்டனுக்கு எழுதினால் உங்கள் தாத்தாவின் கோப்பு வரும்" என்பது நம் சிப்பாய்களுக்குப் பொருந்தாது. இந்திய ராணுவத்துச் சிப்பாய், நாயக், ஹவில்தார் ஆகியோரின் தனிப்பட்ட பணிக்கோப்புகள் 1947-இல் இங்கேயே தங்கிவிட்டன. லண்டனில் இருப்பவை பெரும்பாலும் அதிகாரிகள் பற்றிய ஆவணங்களும், படைப்பிரிவுகளின் நாட்குறிப்புகளும்தான். ஆகவே தாத்தாவின் கோப்பைத் தேடித் தருகிறோம் என்று எந்த வெளிநாட்டுச் சேவையாவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு தனி மனிதரின் கோப்பு அழிந்து போயிருக்கலாம். அவர் இருந்த யூனிட் எந்த மாதம் எந்த ஊரில் இருந்தது, எந்த ஆற்றுக்குப் பாலம் போட்டது, எத்தனை பேரை இழந்தது என்பதெல்லாம் பெரும்பாலும் அழியவில்லை. அதனால் முதலில் கண்டுபிடிக்க வேண்டியவை இரண்டே: அவருடைய ரெஜிமென்ட் நம்பர், அவருடைய யூனிட்டின் முழுப் பெயர். இவை கிடைத்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. இவை கிடைக்கக்கூடிய முதல் இடம் உங்கள் வீடுதான்.

முதலில் பெரியவர்களிடம் போங்கள்

ஆவணக்காப்பகங்கள் எங்கேயும் ஓடிவிடாது. எண்பத்தைந்து வயது அத்தைக்கு அடுத்த வருஷம் என்ன நினைவிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே முதலில் அவர்களைத்தான் பார்க்க வேண்டும். போனில் பேசாமல் நேரில் போங்கள். பழைய போட்டோ ஏதாவது இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். வெறுமனே கேட்டால் வராத பேச்சு, போட்டோவைப் பார்த்ததும் வரும். அனுமதி கேட்டுக்கொண்டு பேச்சைப் பதிவு செய்யுங்கள்.

"எந்த யூனிட்டில் இருந்தார்?" என்று கேட்டால் பதில் வராது. அவர்கள் பார்த்ததையும் கேட்டதையும் கேளுங்கள். கடுதாசி எங்கிருந்து வந்தது? மணியார்டர் யார் பெயருக்கு வந்தது? எந்த ஊரில் ரயில் ஏறினார்? ட்ரெயினிங் பெங்களூரா, வேறு ஊரா? கப்பலில் போனதாகச் சொன்னாரா? தாத்தா மணலைப் பற்றிப் பேசினாரா, அட்டைக்கடியைப் பற்றிப் பேசினாரா, பனியைப் பற்றிப் பேசினாரா? இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். மணல் என்றால் எகிப்து, லிபியா அல்லது இராக். அட்டையும் மலேரியாவும் ஓயாத மழையும் என்றால் பர்மா, அசாம் எல்லை. பனியும் சேறும் மலையும் என்றால் பெரும்பாலும் இத்தாலி. ஒரே ஆள் மூன்றையும் பார்த்திருக்கவும் வாய்ப்புண்டு.

வருஷத்தைப் பிடிப்பது இன்னொரு சிக்கல். 1943 என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "சுபானு வருஷம் ஐப்பசியில் போனார்" என்று சொல்வார்கள். அதைக் கேட்டு விழிக்க வேண்டாம். போர் தொடங்கிய 1939-40 பிரமாதி. அதற்குப் பிறகு வரிசையாக விக்கிரம, விஷு, சித்திரபானு, சுபானு, தாரண, பார்த்திப வருஷங்கள். பார்த்திப என்பது 1945 சித்திரையில் தொடங்கியது, போரும் அந்த வருஷத்தில்தான் முடிந்தது. அடுத்து விய, அதற்கடுத்தது சுதந்திரம் வந்த சர்வசித்து. தமிழ் வருஷமும் மாதமும் தெரிந்தால் ஆங்கிலத் தேதியை ஏறக்குறைய ஒரு மாத இடைவெளிக்குள் கொண்டுவந்துவிடலாம். வருஷப் பெயரும் நினைவில்லை என்றால் நிகழ்ச்சிகளைப் பிடியுங்கள். ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று சென்னையைக் காலி செய்துகொண்டு ஜனங்கள் ஊர்களுக்கு ஓடியது 1942 ஏப்ரலில். பெரியப்பா பிறந்தபோது தாத்தா ஊரில் இருந்தாரா, அம்மாச்சி இறந்த சாவுக்கு வந்தாரா என்று கேட்டுக் கேட்டு லீவில் வந்த காலங்களையும் கணக்கிடலாம்.

ஊரில் அதே காலத்தில் பட்டாளத்துக்குப் போன மற்றவர்களின் பெயர்களையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆள்சேர்ப்பு பெரும்பாலும் உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருவரைப் பார்த்து ஒருவராக நடந்தது. ஒரே நாளில் சேர்ந்த இருவரின் நம்பர்கள் அடுத்தடுத்து இருக்க வாய்ப்புண்டு. உங்கள் வீட்டில் காகிதம் இல்லாவிட்டாலும் அவர் வீட்டில் இருக்கலாம். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைப் போலத் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் உங்களுடையது என்றால், ஊருக்குள்ளேயே பாதி விஷயம் கிடைத்துவிடும்.

ட்ரங்குப் பெட்டியைத் திறக்கும்போது

வீட்டில் இருக்கக்கூடிய காகிதங்களில் முதலிடம் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டுக்கு. நம்பர், ரேங்க், பெயர், தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா, சேர்ந்த தேதி, விடுவிக்கப்பட்ட தேதி, அதற்கான காரணம், மெடல்கள் ஆகியவை பெரும்பாலும் அதிலேயே இருக்கும். 1945 முதல் 1947 வரை விடுவிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் படைக்குறைப்பு என்று இருந்தால் அது அவர் குற்றமில்லை. லட்சக்கணக்கானவர்களை அப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

காகிதம் நொறுங்கும் நிலையில் இருந்தால் லேமினேஷன் கடைக்குக் கொண்டு போய்விடாதீர்கள். செல்லோ டேப்பும் வேண்டாம். இரண்டுமே சில வருஷங்களில் காகிதத்தைக் கெடுத்துவிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. பகல் வெளிச்சத்தில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்துவிட்டு, காகிதத்தைத் தட்டையான உறையில் வையுங்கள். பின்பக்கம் காலியாகத் தெரிந்தாலும் எடுங்கள். பென்சிலில் எழுதிய நம்பரோ மங்கிய முத்திரையோ பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

கடித உறை ஒன்று கிடைத்தால் அதிலுள்ள ஊர் பெயரைத் தேட வேண்டாம், இருக்காது. தணிக்கைக்காரர்கள் விடமாட்டார்கள். ஆனால் எஃப்.பி.ஓ. என்ற எழுத்துகளோடு ஒரு எண்ணும் தேதியும் முத்திரையில் இருக்கும். அது கள அஞ்சலகத்தின் எண். எந்தத் தேதியில் எந்தக் கள அஞ்சலகம் எந்த ஊரில் இயங்கியது என்று தபால்தலை சேகரிப்பாளர்கள் பட்டியல் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அருகிலுள்ள தபால்தலைச் சங்கத்தில் கேட்டால் உதவுவார்கள். ஒரே ஒரு உறையை வைத்து, அந்த மாதம் அந்த மனிதர் எந்த நாட்டில் இருந்தார் என்று சொல்லிவிட முடியும்.

போட்டோவில் தோள்பட்டையையும் தொப்பியையும் பாருங்கள். தோளில் உலோக எழுத்துகள் இருந்தால் அது ரெஜிமென்ட். கைச்சட்டையின் மேல்பகுதியில் தைத்த சின்னம் இருந்தால் அது டிவிஷன். சிவப்புக் கழுகு நான்காவது இந்திய டிவிஷன், நெருப்புப் பந்து போன்ற சிவப்பு வட்டம் ஐந்தாவது, பொன்னிற அம்பு ஏழாவது, கறுப்புப் பூனை பதினேழாவது, குத்துவாள் பத்தொன்பதாவது, புலி இருபத்தாறாவது. போட்டோவின் பின்னால் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அந்த ஒரு முத்திரையே கெய்ரோவையோ பாக்தாத்தையோ காட்டிக்கொடுத்துவிடும்.

இனி மெடல்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். முதல் உலகப் போர் மெடல்களின் விளிம்பில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட் பொறிக்கப்பட்டிருக்கும். தேய்க்கத் தேய்க்க அது அழிந்துவிடும். இரண்டாம் உலகப் போர் மெடல்களில் பெயர் பொறிக்காதவையே அதிகம், ஆனாலும் விளிம்பைச் சாய்வான வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பெயர் இல்லாவிட்டாலும் எந்த மெடல் என்பதே தகவல்தான். ஆறுமுனை வெண்கல நட்சத்திரங்களில் பர்மா ஸ்டார் இருந்தால் 1941 டிசம்பர் 11-க்கும் 1945 செப்டம்பர் 2-க்கும் இடையில் அவர் பர்மா போர்முனையில் இருந்திருக்கிறார். ஆப்பிரிக்கா ஸ்டார் 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரை. இத்தாலி ஸ்டார் 1943 ஜூன் 11 முதல் 1945 மே 8 வரை. பின்பக்கத்தில் இந்தியாவின் வரைபடம் உள்ள வட்ட மெடல் இந்தியா சர்வீஸ் மெடல். குறைந்தது மூன்று வருஷம் போர்முனையல்லாத பணியில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. இந்த மெடல் மட்டும் இருந்தால் "தாத்தா சண்டைக்கே போகவில்லையா" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ராஞ்சியிலோ அசாமிலோ டிப்போவில் இரவு பகலாக வண்டி பழுதுபார்த்தவர்கள் இல்லாமல் இம்பாலில் யாராலும் சண்டை போட்டிருக்க முடியாது. அதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஒரு பெயர், பத்து எழுத்துக்கூட்டல்

ஆவணங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். எழுதியவர் வெள்ளைக்கார அதிகாரியோ வடநாட்டு எழுத்தரோ யாராகவும் இருக்கலாம். தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முனுசாமியின் "சாமி"யை நான்கைந்து விதமாக எழுதியிருக்கிறார்கள். "ழ"வுக்கு ஒரு காகிதத்தில் எல், இன்னொன்றில் இசட்-எச், வேறொன்றில் ஆர் கூட வரும். ஆறுமுகத்தில் முதல் "ஆ"வே காணாமல் போயிருக்கும். இனிஷியல் இருக்காது, சில இடங்களில் தகப்பனார் பெயரே முழுப் பெயராகியிருக்கும். வீட்டுப் பெயர் ஒன்று, பதிவான பெயர் ஒன்று என்பதும் சகஜம்.

தேடுவதற்கு முன் ஒரு தாளில் இந்த வடிவங்களை எல்லாம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயரின் முதல் ஐந்தாறு எழுத்துகளை மட்டும் வைத்துத் தேடுவது பல சமயம் முழுப் பெயரை விட நல்ல பலன் தரும். ஊர்களையும் அந்தக் காலத்து நிர்வாகப் பெயரில் தேட வேண்டும். இன்றைய திருவண்ணாமலை அன்று வட ஆற்காடு, கடலூரும் விழுப்புரமும் தென் ஆற்காடு, நாமக்கல்லும் தருமபுரியும் சேலம், திண்டுக்கல்லும் தேனியும் மதுரை, விருதுநகரும் சிவகங்கையும் பெரும்பாலும் ராமநாதபுரம். திருநெல்வேலிக்கும் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் வெள்ளைக்காரன் எழுதிய பழைய எழுத்துக்கூட்டலைப் பழைய வரைபடங்களில் பார்த்துக்கொள்ளலாம்.

எந்தப் படை, எந்த ரெக்கார்ட் ஆபீஸ்

"மதராஸ் ரெஜிமென்டில் இருந்தார்" என்று வீட்டில் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மதராஸ் பட்டாளம் என்று பொதுவாகச் சொன்னது அப்படி ஆகியிருக்கும். மதராஸ் ரெஜிமென்டின் பழைய காலாட்படைகள் 1920-களில் கலைக்கப்பட்டுவிட்டன. இரண்டாம் உலகப் போரின்போதுதான் ரெஜிமென்ட் மறுபடி உருவானது. அந்தப் போரில் நம்மவர்கள் அதிகம் போனது மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் (பொறியியல் படை), பயனியர் கோர் (உழைப்புப் படை), ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் (போக்குவரத்தும் உணவு வழங்கலும்), ஆர்ட்னன்ஸ் (ஆயுதம், தளவாடக் கிடங்குகள்), சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு), மருத்துவப் பிரிவு போன்றவற்றில். இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே 1944 பிப்ரவரியில் வெடிக்கப்போன கண்ணிமேல் தன் உடலைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றி ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய வீர விருது பெற்ற சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரம் பக்கத்துக் கீழொட்டிவாக்கத்துக்காரர். அவரும் சாப்பர்தான்.

ரேங்க்கின் பெயரே படையைச் சொல்லும். சாப்பர் என்றிருந்தால் பொறியியல் படை, பயனியர் என்றால் பயனியர் கோர், டிரைவர் என்றால் பெரும்பாலும் சர்வீஸ் கோர், கிராப்ட்ஸ்மேன் என்றால் எலக்ட்ரிகல் அண்ட் மெக்கானிக்கல் இன்ஜினியர்ஸ் (இ.எம்.இ.). இந்தக் கடைசிப் பிரிவு 1943-இல்தான் தனியாக உருவானது. அதற்கு முன் ஆர்ட்னன்ஸில் சேர்ந்த மெக்கானிக்குகள் பலர் இதற்கு மாற்றப்பட்டார்கள். மாறும்போது நம்பரும் மாறியிருக்கலாம் என்பதால் இரண்டு காகிதங்களில் இரண்டு நம்பர் இருந்தால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படைகளின் ரெக்கார்ட் ஆபீஸ்கள், அதாவது சிப்பாய்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகங்கள், இன்றும் இயங்குகின்றன. மதராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு, மதராஸ் இன்ஜினியர் குரூப் என்ற இன்றைய பெயரில். மதராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரியில் வெலிங்டன். பயனியர் கோருக்கும் சர்வீஸ் கோரின் தெற்குப் பிரிவுக்கும் பெங்களூரு. ஆர்ட்னன்ஸுக்கும் இ.எம்.இ.க்கும் செகந்திராபாத். சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு. கடற்படை மாலுமி என்றால் மும்பை மான்கூர்டில் உள்ள மாலுமிகள் அலுவலகம். விமானப்படை என்றால் டெல்லி சுப்ரோத்தோ பார்க்.

பென்ஷன் இல்லாமல் போனவர்களின் முழுக் கோப்பை, பேண வேண்டிய காலம் முடிந்ததும் அழித்துவிடுவது ராணுவ வழக்கம். போருக்காகச் சேர்ந்து ஐந்தாறு வருஷத்தில் விடுவிக்கப்பட்டவர்கள் அனைவரும் ஏறக்குறைய இந்த வகைதான், ஏனென்றால் பென்ஷனுக்குப் பொதுவாகப் பதினைந்து வருஷப் பணி வேண்டும். ஆனால் "லாங் ரோல்" என்ற பெரிய பதிவேடு ஒன்று உண்டு. நம்பர் வரிசையில் பெயர், தகப்பனார், ஊர், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் என்று ஒரு வரி அதில் இருக்கும். கோப்பு அழிந்தாலும் இந்த வரி மிஞ்சியிருக்கும். "பைல் இல்லை" என்று ஒரு பதில் வந்தால் அதோடு விட்டுவிடாமல் லாங் ரோலைக் குறிப்பிட்டுத் திரும்பக் கேளுங்கள்.

ஆர்.டி.ஐ. மனுவை எழுதுவது எப்படி

சாதாரணக் கடிதமும் எழுதலாம். பதில் வர உத்தரவாதம் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் வழி. கட்டணம் 10 ரூபாய். மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்திலோ போஸ்டல் ஆர்டர் வைத்துத் தபாலிலோ அனுப்பலாம். பதில் தர 30 நாள் அவகாசம்.

மனுவில் கதை வேண்டாம். பெயரும் அதன் மாற்று எழுத்துக்கூட்டல்களும், தகப்பனார் பெயர், அந்தக் காலத்துக் கிராமம், தாலுகா, மாவட்டம், நம்பர், ரேங்க், யூனிட், சேர்ந்த வருஷம், விலகிய வருஷம், உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவு. இவற்றை முதல் பத்தியில் அடக்குங்கள். அடுத்து, கேட்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: லாங் ரோல் பதிவின் நகல், ஷீட் ரோல் (ஒருவரின் பணி விவரத் தாள்) இருந்தால் அதன் நகல், பணியாற்றிய யூனிட்களின் விவரம், வெளிநாட்டுப் பணிக்காலம், வழங்கிய மெடல்கள், நெருங்கிய உறவினராகப் பதிவான பெயர். "அவரைப் பற்றிய எல்லாத் தகவலும் வேண்டும்" என்று ஒரே வரியில் கேட்டால் மறுப்பது சுலபம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வீட்டிலிருக்கும் ராணுவக் காகிதத்தின் நகல் ஆகியவற்றை இணைத்துவிடுங்கள்.

மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்று 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மறுத்தால், அதே சட்டத்தின் 8(3) பிரிவைக் காட்டி முதல் மேல்முறையீடு செய்யுங்கள். மனுச் செய்யும் நாளுக்கு 20 வருஷம் முன்பே நடந்துவிட்ட விஷயங்களை, மூன்று குறிப்பிட்ட விலக்குகள் தவிர, கொடுக்கத்தான் வேண்டும் என்கிறது அது. தனிநபர் தகவல் என்ற விலக்கு அந்த மூன்றில் இல்லை. எண்பது வருஷம் பழைய விஷயத்துக்கு இது வலுவான வாதம்.

நம்பரே தெரியாவிட்டால்? உங்கள் மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். தாத்தாவோ பாட்டியோ அங்கே பதிவு செய்திருந்தால் நம்பரும் யூனிட்டும் அங்கே இருக்கும். பென்ஷன் வாங்காத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு மாத உதவித்தொகை தருகிறது. உங்கள் பாட்டி அதை வாங்கியிருந்தால், விண்ணப்பத்தோடு கொடுத்த டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டின் நகலே கோப்பில் இருக்கலாம். குடும்ப பென்ஷன் வாங்கியிருந்தால் பி.பி.ஓ. எண்ணை, அதாவது பென்ஷன் வழங்கும் ஆணையின் எண்ணைத் தேடுங்கள். ராணுவப் பென்ஷன்களின் தலைமைக் கணக்கு அலுவலகம் பிரயாக்ராஜில் உள்ளது. முன்னாள் படைவீரர் என்ற முறையில் அரசு நிலம் ஒதுக்கியிருந்தால் தாலுகா அலுவலகத்து ஒதுக்கீட்டு ஆணையையும் பார்த்துவிடுங்கள்.

போரில் இறந்தவர் என்றால்

திரும்பி வராதவர்களைக் கண்டுபிடிப்பது, மனம் கனத்தாலும் சொல்ல வேண்டும், திரும்பி வந்தவர்களைக் கண்டுபிடிப்பதை விடச் சுலபம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தரவுத்தளம் இலவசம். இரண்டாம் போரில் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்கள் அதில் இருப்பார்கள். பிரிக்கப்படாத இந்தியாவைச் சேர்ந்த சுமார் 87,000 பேரின் பெயர் அங்கே உள்ளது.

அங்கே பெயரை வைத்து மட்டும் தேடாதீர்கள். விரிவான தேடலில் கூடுதல் தகவல் என்ற கட்டம் இருக்கும். அதில் உங்கள் ஊர் பெயரையோ ஆற்காடு என்பது போன்ற மாவட்டப் பெயரையோ ஆங்கிலத்தில் இட்டு, இந்தியப் படை என்று வடிகட்டுங்கள். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இந்த ஊர் என்ற குறிப்பில் அந்தச் சொல் வரும் பெயர்கள் எல்லாம் வந்து நிற்கும். எழுத்துக்கூட்டல் தகராறிலிருந்து தப்ப இதைவிட நல்ல வழி இல்லை. உங்கள் தாத்தாவைத் தேடப் போய், ஊரே மறந்துவிட்ட இன்னும் நான்கு பேரை நீங்கள் கண்டுபிடிக்கவும் கூடும்.

கல்லறை இல்லை என்றால் உடல் கிடைக்கவில்லை என்றுதான் பொருள் என்று நினைக்க வேண்டாம். இந்துக்களையும் சீக்கியர்களையும் அவர்கள் முறைப்படி தகனம் செய்து, பெயரைத் தகன நினைவுச் சின்னத்தில் பொறித்தார்கள். இத்தாலியிலும் எகிப்தின் எல் அலமைனிலும் எரித்திரியாவின் கெரனிலும் அப்படி உண்டு. பர்மாவில் மறைந்து கல்லறை அறியப்படாத சுமார் 27,000 பேரின் பெயர்கள் யாங்கோனுக்கு வெளியே தாவ்க்யானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன, அதில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். சென்னையில் நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைக்கு யாரும் போய்ப் பார்க்கலாம்.

யூனிட்டின் பாதையில் நடப்பது

எனக்கு இந்தத் தேடலில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒவ்வொரு யூனிட்டும் போர்க்காலத்தில் தினமும் ஒரு நாட்குறிப்பு எழுதியாக வேண்டும். எங்கே முகாம், என்ன வேலை, மழையா வெயிலா, யாருக்குக் காயம் என்று நாள்வாரியாக இருக்கும். லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில் இந்திய யூனிட்களின் குறிப்புகளும் உள்ளன. பர்மாவும் தென்கிழக்கு ஆசியாவும் டபிள்யூ.ஓ. 172 வரிசையில், மத்தியக் கிழக்கு டபிள்யூ.ஓ. 169-இல், இத்தாலி டபிள்யூ.ஓ. 170-இல். பட்டியலை இணையத்திலேயே தேடலாம், ஆனால் கோப்புகளில் பெரும்பாலானவற்றை நேரில்தான் பார்க்க வேண்டும். லண்டனில் சொந்தக்காரரோ நண்பரோ இருந்தால் அவருக்கு ஒரு நாள் வேலை. வாசகர் அட்டை இலவசம், சொந்தக் கேமராவில் இலவசமாகப் படம் எடுத்துக்கொள்ளலாம். இங்கே போர்க்காலப் படை ஆவணங்கள் டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவில் உள்ளன. தேசிய ஆவணக்காப்பகத்தின் "அபிலேக் படல்" இணையதளத்தில் டிஜிட்டல் ஆக்கிய கோப்புகளை இலவசமாகப் பார்க்கலாம்.

நாட்குறிப்பில் தாத்தாவின் பெயர் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதிகாரிகள் பெயர் வரும். சிப்பாய்கள் ஐ.ஓ.ஆர். (இந்தியன் அதர் ரேங்க்ஸ், அதாவது அதிகாரியல்லாத இந்தியப் படையினர்) என்ற மூன்றெழுத்தில் அடங்கிவிடுவார்கள், "இரண்டு ஐ.ஓ.ஆர். காயம்" என்று. அந்த மூன்றெழுத்துக்குள்தான் உங்கள் தாத்தா இருக்கிறார். அவர் சொன்ன ஒரு துண்டுக் கதையை, ராத்திரியில் ஆற்றைக் கடந்தோம், மூன்று நாள் சோறு இல்லை என்பது போன்ற ஒன்றை, நாட்குறிப்பின் தேதிகளோடு வைத்துப் பாருங்கள். பல சமயம் அந்த இரவே கிடைக்கும்.

வீரப்பதக்கமோ பாராட்டுக் குறிப்போ கிடைத்ததாக வீட்டில் பேச்சு இருந்தால், அதே காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 373 வரிசையைப் பெயரை வைத்துத் தேடலாம். யார் பரிந்துரைத்தார், எந்தச் செயலுக்காக என்பதெல்லாம் அதில் இருக்கும். பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டும் இணையத்தில் இலவசம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அந்தக் காலத் தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டிப் பார்க்கலாம்.

சிங்கப்பூரில் பிடிபட்டவர்கள்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் கைதிகளானார்கள். இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் அவர்களைக் கூட்டினார்கள். சிலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், சிலர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் பலரைக் கப்பலேற்றி நியூகினி, ரபால் பக்கம் வேலைக்கு அனுப்பினார்கள். உங்கள் தாத்தாவின் வாழ்க்கையில் 1942 முதல் 1945 வரை வெற்றிடமாக இருந்தால் இந்த இரண்டில் ஒன்றை யோசியுங்கள். கைதிகளின் விவரங்களுக்கு ஜெனிவாவில் உள்ள சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்க ஆவணக்காப்பகத்துக்கு மனுச் செய்யலாம்.

போருக்குப் பின் ஐ.என்.ஏ. வீரர்களை பிரிட்டிஷார் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று வகையாகப் பிரித்தார்கள். கறுப்பு என்றால் மனமார எதிர்த்தவர். வேலையும் சம்பள பாக்கியும் போனது. அதை அவமானமென்று நினைத்து வீட்டில் மறைத்தவர்களும் உண்டு, பெருமையாகச் சட்டம் போட்டு மாட்டியவர்களும் உண்டு. நீங்கள் கண்டுபிடிப்பது எந்தப் பக்கமாக இருந்தாலும், இருபத்திரண்டு வயதில் பசியோடும் முள்வேலியோடும் அவர் எடுத்த முடிவு அது என்பதை மனதில் வைத்து எழுதுங்கள். ஐ.என்.ஏ. கோப்புகள் பல டெல்லி தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. தியாகி பென்ஷன் வாங்கியிருந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக் கோப்பில் அவர் கைப்பட எழுதிக்கொடுத்த சேவை விவரமும் சக வீரர்களின் சான்றும் இருக்கலாம். இதைப் பலர் தேடுவதே இல்லை.

மலாயாவில் இருந்த குடும்பங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரப்பர் தோட்டத்திலிருந்து நேரே ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர்களுக்குப் பிரிட்டிஷ் ராணுவ நம்பர் கிடையாது. சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போன தமிழர்கள் கூலிகள், படைவீரர்கள் அல்ல. அவர்கள் பெயர்கள் போர்க் கல்லறைத் தரவுத்தளத்தில் இருக்காது. அது வேறு தேடல்.

கொள்ளுத்தாத்தா, முதல் உலகப் போர்

இதே முறைதான், ஆனால் ஆவணம் குறைவு. பஞ்சாபுக்குக் கிடைத்த கிராமவாரியான போர்ப் பதிவேடுகள் போல நமக்குக் கிடைக்கவில்லை. மெடல் விளிம்பே முதல் சாட்சி. ஊரில் பழைய சாவடியிலோ பள்ளிச் சுவரிலோ "இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும் போருக்குப் போனார்கள்" என்ற கல்வெட்டு இருக்கிறதா பாருங்கள். இராக்கின் பஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்தியச் சிப்பாய்களின் பெயரைப் பொறிக்காமல் எண்ணிக்கையை மட்டும் பொறித்தார்கள். இப்படிச் சமமாக நடத்தாதது தவறு என்று போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. கல்லில் பெயர் இல்லாதவர்களும் தரவுத்தளத்தில் இருக்கலாம், தேடிப் பாருங்கள்.

கண்டுபிடித்ததை எழுதி வைக்கும்போது

மாதவாரியாக ஒரு காலவரிசை போடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்: அத்தை சொன்னது, சர்டிபிகேட்டில் இருப்பது, நாட்குறிப்பில் யூனிட்டுக்கு நடந்தது. இந்த மூன்றும் வேறு வேறு எடை உள்ளவை. யூனிட் இம்பாலில் இருந்தது என்பதால் அந்த வாரம் தாத்தாவும் அங்கேதான் இருந்தார் என்று எழுதிவிடக் கூடாது, ஆஸ்பத்திரியிலோ லீவிலோ இருந்திருக்கலாம். "யூனிட் அங்கே இருந்தது" என்று எழுதினால் போதும்.

போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் பெயரோ ஊரோ தவறாக இருந்தால் திருத்தக் கோரலாம். உறவுமுறையைக் காட்டும் சான்றையும், சரியான பெயர் உள்ள அந்தக் காலத்து ராணுவக் காகிதம் ஒன்றின் நகலையும் சேர்த்து இணையதளத்தின் வழியாக அனுப்ப வேண்டும். பெயரே விடுபட்டிருந்தால், பணியில் இருந்தபோதோ பணியின் காரணமாகவோ அந்தக் காலகட்டத்துக்குள் இறந்தார் என்பதற்கான ஆதாரத்தையும் கேட்பார்கள். அதனால்தான் ரெக்கார்ட் ஆபீஸின் பதிலை முதலில் கையில் வாங்கிக்கொண்டு, பிறகு ஆணையத்துக்கு எழுதுவது நல்லது.